கோணல் ஜன்னலுக்கு வெட்டிய துணி

ஜூலை 6, திங்கள்

கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு, வாங்கப்போகிற வீட்டுக்குத் திரைத்துணி வெட்டினேன். "இன்ஜினியர் வந்து வீட்டைப் பார்த்துட்டுப் போகட்டும், அப்புறம் வெட்டேன்" என்றார் இவர். கேட்டால்தானே. பதினெட்டு வருஷமாக ஊரார் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் திரை தைக்கிறேன். எங்கள் வாடகை வீட்டு ஜன்னலில் இன்னும் பழைய போர்வைதான் தொங்குகிறது.

பின்னறை ஜன்னல்தான் கொஞ்சம் படுத்தியது. நேற்று அளந்தபோது கம்பியிலிருந்து தரை வரை இடது பக்கம் எண்பத்துநாலு அங்குலம், வலது பக்கம் எண்பத்தைந்தரை. இரண்டு தடவை அளந்தும் அதேதான். தொழில் தெரிந்தவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? துணியின் அடியையும் அதே கோணலில் வெட்டிவிட்டால் திரை நேராக நிற்கும், தரையின் கோணல் ஒருத்தர் கண்ணிலும் படாது. வெட்டிவிட்டேன்.

அந்த அறை, வீட்டை விற்கும் டிரைவர் ஐயா தன் கையால் கட்டியது. பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவர் சம்சாரம், அந்த அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி மாடி ஏற முடியாமல் போனபோது, லீவு நாளிலெல்லாம் சாந்துக் கரண்டியும் கையுமாக நின்று கட்டினாராம். "ஒவ்வொரு செங்கலும் என் கை பட்டதும்மா" என்று சுவரைத் தட்டிக் காட்டினார். இப்போது மகள் இருக்கும் ஊருக்கே போய்விடலாம் என்று விற்கிறார்கள்.

அளவு டேப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் போல.

ஜூலை 9, வியாழன்

என்ன எழுதுவது.

ஐயாவும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்ததால் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். "நீயே திறந்து காட்டும்மா, உன் வீடுதானே இனிமே" என்றார் அம்மா. இன்ஜினியர் முன்பக்கம் எல்லாம் சரி என்றார். பின்னறைக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்தார். அது வலது மூலைக்குத் தானாக ஓடியது.

பழைய குழி ஒன்றை மண் போட்டு மூடி, அதன் மேலேயே அறையை எழுப்பியிருக்கிறார்கள். அஸ்திவாரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பின் சுவர் வெளியே சாய்ந்துகொண்டிருக்கிறது. அறையின் கூரைத் தளம் மொத்தமும் அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது. அலமாரிக்குப் பின்னால் என் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு.

"நீங்க வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டம். ஆனா இங்க இருக்கறவங்ககிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க, இந்த ரூம்ல படுக்க வேணாம்னு. பலமா ஒரு மழை பெஞ்சா நான் பொறுப்பில்ல."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது அம்மா களைத்துப்போயிருந்தார். நேராகப் பின்னறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். "எல்லாம் நல்லாருக்குன்னாரா?" என்று கேட்டார் ஐயா. ரிப்போர்ட் வரட்டும் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

கோணலைக் கண்டுபிடித்ததில் எனக்கும் அந்தக் கோலிக்குண்டுக்கும் என்ன வித்தியாசம்? இல்லை, இருக்கிறது. அது ஒளிக்கவில்லை. ஒன்றரை அங்குலம். என் டேப் ஞாயிற்றுக்கிழமையே சொன்னது.

ஜூலை 10, வெள்ளி

வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். போனில் நான்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதுதான் விஷயம்.

சுவர் என்றுதான் ஆரம்பிக்க நினைத்தேன். சத்தியமாக. அவர் போனை எடுத்ததும் "சொல்லும்மா, எப்போ குடி வர்றே?" என்றார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஐயா, பேங்க்ல லோன் தர மாட்டேன்னுட்டாங்க."

மனுஷன் எனக்கு ஆறுதல் சொல்கிறார். "இதுக்குப் போய்க் குரல் உடையலாமா? வீடு எங்க ஓடிப்போகுது." நாங்கள் கொடுத்திருந்த முன்பணத்தைச் சாயங்காலமே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார், வாங்கி வைத்துக்கொண்டேன்.

"சுவரைப் பத்திச் சொன்னியா?" என்று கேட்டார் இவர். மெஷினில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஜூலை 11, சனி

காலி செய்கிறோம் என்று போன வாரம் ஜம்பமாகச் சொன்ன அதே வாயால், வாடகை வீட்டு ஓனரம்மாவிடம் இன்னும் இருக்கிறோம் என்றேன். "அப்படியா" என்றார். அந்த ஒரு வார்த்தை போதும்.

ஜூலை 15, புதன்

ஐயா போன் செய்தார். புரோக்கர் வேறொருவரை அழைத்து வந்தாராம், கொஞ்ச நாள் போகட்டும் என்று ஐயா அனுப்பிவிட்டாராம். "நீ வேற பேங்க்ல கேட்டுப் பாரு. நாங்க காத்திருக்கோம். அம்மாவுக்கு உன்னைத்தான் பிடிச்சிருக்கு. உன் டேப்பு இங்கதான் இருக்கு, பத்திரமா வச்சிருக்கா."

சரிங்கய்யா, சரிங்கய்யா, சரிங்கய்யா. மூன்று தடவை சொன்னேன்.

இப்போது போய்ச் சுவர் என்றால் லோன் பொய் என்று ஆகிவிடும். அன்றைக்கே சொல்லியிருந்தால் வருத்தப்பட்டிருப்பார், அவ்வளவுதான். இன்று சொன்னால் காறித் துப்புவார். நாளைக்குச் சொன்னால்? ஒவ்வொரு நாளும் வட்டி போட்டு ஏறுகிறது. நான் காப்பாற்றுவது அவர் மனசை இல்லை, என் மூஞ்சியை.

ஜூலை 19, ஞாயிறு

தூறல். ஒன்றுமில்லாத தூறல். ஆனாலும் நாலு தடவை எழுந்துபோய் வானத்தைப் பார்த்தேன்.

ஜூலை 22, புதன்

மத்தியானத்திலிருந்து கொட்டுகிறது. கடையில் ஒரு வாடிக்கையாளரின் துணியைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன், பூவெல்லாம் கீழே பார்த்துத் தொங்கியது.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நாளைக்குச் சொல்றேன்."

"பத்து நாளா இதேதான் சொல்றே. அந்தம்மா எந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பாங்க?"

எனக்குத் தெரியும். ஜன்னல் அளக்கும்போது கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தினேனே. பின் சுவர்ப் பக்கம்தான் தலகாணி.

போன் போட்டேன், லைன் போகவில்லை. மழைக்கு எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், பஸ்ஸும் இல்லை. பதிமூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு இன்றைக்குத்தான் சொல்ல வழியில்லை. நல்லா வேணும் எனக்கு.

ஜூலை 23, வியாழன்

விடிந்ததும் மழை விட்டிருந்தது. நடந்தே போனேன். தெருமுனையில் திரும்பும்போது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அறை நின்றுகொண்டிருந்தது.

அம்மா உள்ளே கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "வாம்மா, பேங்க்ல சரின்னுட்டாங்களா?" என்றார். "முதல்ல வெளிய வாங்கம்மா" என்றேன். கையைப் பிடித்து ஹாலுக்கு அழைத்து வந்துவிட்டுத்தான் இன்ஜினியரின் ரிப்போர்ட்டைப் பையிலிருந்து எடுத்தேன்.

ஐயா நின்றபடியே கடைசிவரை படித்தார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

"ஒன்பதாம் தேதி போட்டிருக்கு."

"ஆமாங்கய்யா."

"அப்ப லோன்?"

"பொய்ங்கய்யா."

அம்மா விரல் விட்டு எண்ணினார். "பதினாலு ராத்திரி" என்றார். திட்டவில்லை. கணக்கு மட்டும் சொன்னார்.

ஐயாவும் கத்தவில்லை. "முப்பத்திரெண்டு வருஷம் பஸ் ஓட்டினேன். பிரேக் பிடிக்கலைன்னு தெரிஞ்ச ஒருத்தன், யார்கிட்டயும் சொல்லாம தான் மட்டும் இறங்கிப் போனா, அவனை என்னன்னு சொல்றது?"



அப்புறம் அவர் பின்னறைக்குப் போய், தான் கட்டிய சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. கட்டிலை ஹாலுக்கு மாற்றும்போது ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். ஐயா பிடி என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. டேப்பைக் கேட்க வாய் வரவில்லை.

ஜூலை 24, வெள்ளி

வெட்டி வைத்த துணியைச் சுருட்டிப் பரண் மேல் போட்டேன்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

பஸ்ஸில் அந்தத் தெரு வழியாகப் போனேன். பின்பக்கம் வெட்டவெளி. செங்கல்லெல்லாம் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. இறங்கவில்லை.

அக்டோபர் 12, திங்கள்

கடைக்குப் போன் வந்தது. அம்மா. "பின்னறைக்குத் திரை வேணும். வந்து அளந்துட்டுப் போ." குசலம் ஒன்றும் இல்லை. வேறு தையல்காரியா இல்லை ஊரில்? கேட்கவில்லை, போனேன்.

புது அறை. ஜன்னல் முன்பைவிடச் சின்னது. என் பழைய டேப்பை அம்மா அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மறுமுனையை ஐயா பிடித்துக்கொண்டார். இடது பக்கம் எழுபத்தெட்டு. வலது பக்கம் எழுபத்தெட்டு. மறுபடி அளந்தேன். எழுபத்தெட்டுதான்.

"இடிக்க நாலு பேரைக் கூட்டிட்டு வந்தேன், கடப்பாரையோட" என்றார் ஐயா, டேப்பைப் பார்த்தபடி. "கடப்பாரைக்கு வேலையே இல்ல. ரெண்டு பேர் கை வச்சுத் தள்ளினாங்க, வந்துருச்சு."

வீட்டை விற்கும் யோசனையை விட்டுவிட்டார்களாம். மகளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். அது என்னால்தானா என்று கேட்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

"அப்ப வெட்டி வச்சேன்னியே, அந்தத் துணி இருக்கா?" என்றார் அம்மா.

"இருக்கு. ஆனா கோணலா வெட்டினதும்மா."

"நேரா வெட்டிக்கோ. நீளம் இருக்குல்ல."

கிளம்பும்போது ஐயா சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீயே திறந்து மாட்டிடு."

எனக்குக் கை நீளவில்லை. அவர் நீட்டியபடியே நின்றார்.

"மாட்டும்போது எங்கயாவது கோணல் தெரிஞ்சா, அன்னைக்கே சொல்லு" என்றார்.

சரிங்கய்யா என்றேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். சாவியை வாங்கிக்கொண்டேன்.