உன் பெயரைத் தின்றது எது?

என் முரட்டு அண்ணன் சேவியருக்கு,

நவம்பர் ஒன்று, சனிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். உன் கல்லில் உன் பெயருக்கு எழுத்துகள் நான்கு. இன்று படிக்க முடிந்தவை இரண்டு: 'வி', 'ய'. 'சே' இருந்த இடத்தை விரலால் தடவினால் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படுகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. 'ர்' சுத்தமாகப் போய்விட்டது.

நலமா என்று கேட்க மாட்டேன். அது உனக்குப் பொருந்தாது, எனக்கும் அப்படி எழுத வராது. ஒரு வேலை கொடுத்தார்கள், முடித்துவிட்டேன். முடிவைச் சம்பந்தப்பட்ட ஆளிடம் சொல்லியாக வேண்டும், அது நீதான். நாளைக்குக் கல்லறைத் திருநாள். கல் கழுவப் போகிற மற்ற வீட்டுக்காரர்களும் இதைப் படித்தால் நல்லது.

வேலை கொடுத்தது அம்மா.

"டேய் ரீகன், உங்க அண்ணன் பேரை இன்னாமோ தின்னுது. நீதான் ஊர்ல கீற கல்லு மண்ணெல்லாம் டெஸ்ட் பண்றியே. இத்தயும் பாத்து சொல்லு."

"கல்லுன்னா தேயும்மா."

"எட்டு வருசத்துலயா?"

நியாயமான கேள்விதான். நீ காய்ச்சல் என்று படுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பி வராமல் எட்டு வருடம் ஆகிறது. எட்டு வருடத்தில் ஒரு பளிங்குக் கல் பெயரை இழக்கக் கூடாது.

அம்மா தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். கடல் காற்றுதான் காரணம் என்றால் உன்னை இங்கிருந்து எடுத்துவிடுவது. மாத்தூர் பக்கம் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது, உப்புக் காற்று அவ்வளவாக வராது. ஃபாதரிடம் பேசிவிட்டாள். உன்னைத் தோண்டி எடுத்து, பெட்டியில் வைத்து, அங்கே கொண்டுபோய் மறுபடி புதைப்பது. "நீ ஒரு வார்த்தை சொல்லு, மனு எயுதி குடுத்துடறேன்" என்றாள்.

உனக்கு ஒரு செய்தி. நான் இப்போது மாத்தூரில்தான் இருக்கிறேன். அம்மாவைக் கூடவே வந்து இருக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நீ ராயபுரத்தில் கிடப்பதால்தான் அவள் ராயபுரத்தை விட்டு நகர மறுக்கிறாள். நீ மாத்தூருக்கு வந்தால் அவளும் வருவாள். ஆக, 'கடல் காற்றும்மா' என்று நான் சொன்னால் எனக்கு எல்லா வகையிலும் சௌகரியம். இதை மறைக்க ஒன்றும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை முதலில் உன் பாறைகளைப் போய்ப் பார்த்தேன். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடலுக்குத் தடுப்பாகக் கிடக்கிற பாறைகளில் எத்தனையோ நீ ஓட்டின டிப்பர் லாரியில் வந்தவை. அவற்றின்மேல் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துக்கொண்டு நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "கல்லுன்னா கல்லுதான்டா. நான் கொட்ன கல்லு எம் பேரன் காலத்துலயும் இங்கியேதான் கெடக்கும்." எனக்கு அப்போது பாலிடெக்னிக் முதல் வருடம். இல்லை, அதுவும் மண்ணாகும் என்றேன். "போடா, படிச்சிட்டு வந்துட்டான்" என்று மீன் முள்ளை என்மேல் எறிந்தாய்.

முடிவு என்னவென்றால், பாறைகள் அங்கேயே கிடக்கின்றன. ஆனால் சிலவற்றில் விரிசல் விட்டிருக்கிறது. அலை தெறிக்கிறது, உப்புத் தண்ணீர் விரிசலுக்குள் இறங்குகிறது, வெயிலில் தண்ணீர் போய் உப்பு மட்டும் கட்டியாக நிற்கிறது. அந்தக் கட்டி வளர்ந்து கல்லை உள்ளிருந்து நெம்புகிறது. பகல் சூட்டில் கல் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. கல்லுக்குள் இருக்கிற இரும்பு துருப்பிடித்து விளிம்புகள் பழுப்பாகிவிட்டன. ஒரு விளிம்பை நகத்தால் சுரண்டினேன், பொடி உதிர்ந்தது. இரண்டு பாறைக்கு நடுவே அந்தப் பொடியும், ரோட்டுப் புழுதியும், மீன் செதிலும், மக்கிய இலையும் சேர்ந்து ஒரு கை அளவு மண் தேங்கியிருக்கிறது. அதில் ஓர் எருக்கஞ்செடி. அதன் வேர் இனி பாக்கி வேலையைப் பார்க்கும். உடைந்த கல், மக்கிப்போன செடி, நடுவில் கொஞ்சம் காற்றும் தண்ணீரும், அவ்வளவுதான் மண். பாறையே மண்ணாக வேண்டுமென்றால் ஒரு விரல் கனத்துக்கே நூற்றாண்டுகள் ஆகும்.

பந்தயத்தில் யார் ஜெயித்தது? உன் பேரன் காலம் என்றால் நீதான். அதற்கு அப்புறம் நான்.

காட்டுப்பள்ளியில் ஒரு கிடங்கு கட்டுவதற்காக இப்போது நிலத்தைத் துளைத்துக்கொண்டிருக்கிறோம். மேலே மணல், அடுத்து கறுப்புக் களிமண். ரொம்பக் கீழே போனால் பார்வைக்குப் பாறை மாதிரியே ஒன்று மேலே வரும். கையில் எடுத்து அழுத்தினால் புட்டு மாதிரி உதிரும். அது மழை செய்த வேலை. மழைத் தண்ணீர் காற்றில் இருக்கிற கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது லேசான அமிலமாகிவிடுகிறது. அது பாறைக்குள் புகுந்து, ஒரு பகுதியைக் களிமண்ணாக்கி, ஒரு பகுதியைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். யாரும் பார்த்துக்கொண்டு உட்கார முடியாத நிதானத்தில்.

சரி, உன் கல்லுக்கு வருகிறேன். அம்மாவின் சந்தேகப் பட்டியலில் கடல் காற்று, மணலி ஆலைப் புகை, பக்கத்து வேப்பமரத்து வேர், யாரோ வைத்த கண். கண்ணை நான் கணக்கில் எடுக்கவில்லை. வேர் கல்லைத் தூக்கும், பிளக்கும். எழுத்தாகப் பார்த்து மேய்வதில்லை. மிச்சம் காற்றும் புகையும்.

உனக்கு அடுத்தாற்போல் படுத்திருக்கிற பெரியவர் உனக்கு ஒரு வாரம் முன்னால் போனவர். அவருக்கும் அதே பளிங்கு, வெட்டியதும் அதே ஆள், கல்லறைத் தோட்டத்து வாசலில் கல் வெட்டுகிற உன் தோஸ்து குமார். அவர் வீட்டார் ஊரைக் காலிசெய்துவிட்டார்கள், கழுவ ஆள் இல்லை. கல் பார்க்கக் கலீஜாக இருந்தது. கறுப்புப் பாசி, காக்கை எச்சம். தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். எழுத்து ஒவ்வொன்றும் நறுக்கென்று நிற்கிறது. கடல் உனக்கும் அவருக்கும் ஒரே தூரம்தான். புகையும் உன்னை மட்டும் தேடி வராது.

குமாரிடம் போய்க் கேட்டேன். "அந்தக் கல்லு மட்டும் எப்படி நல்லாருக்கு?"

"இன்னாத்த நல்லா கீது, பாசி புடிச்சி கெடக்குது. நம்ம அம்மா மாதிரி யார் மாமு கய்வுறாங்க? மாசா மாசம் ஆசிட்ட ஊத்தி, பிரஷ்ஷு போட்டு தேய் தேய்னு தேச்சி..."

"ஆசிட்டா?"

அதற்கு மேல் ஆராய்ச்சி தேவைப்படவில்லை. பளிங்கு என்பது கெட்டிப்பட்ட சுண்ணாம்புக்கல். ஆசிட் பட்டால் கரையும். துறைமுகத்தில் கேன்டீன் தரையையும் கக்கூஸையும் வருடக்கணக்காக ஆசிட் ஊற்றிப் பளபளவென்று வைத்திருந்தவள் அம்மா. அந்தக் கைப்பழக்கம்தான். மழை பல நூறு வருடத்தில் செய்வதை, கல்மண்டபத்து அண்ணாச்சி கடையில் பாட்டில் வாங்கி எட்டு வருடத்தில் செய்துவிட்டாள்.

குமாருக்குப் புரிந்துவிட்டது. "அத்தப் போய் அம்மாகிட்ட சொல்லாத. பேஜாராயிடும். உப்புக் காத்துன்னு சொல்லிட்டு கருப்பு கிரானைட் போட்டுரு. ஆயுசுக்கும் கியாரண்டி."

"யாரோட ஆயுசுக்கு?"

"வாங்கறவன் ஆயுசுக்குத்தான். படுத்துகினு கீறவனா வந்து கேக்கப் போறான்?"

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உப்புக் காற்று என்று சொன்னால் உன்னைத் தோண்டுவார்கள். அங்கே போயும் அம்மா மாதாமாதம் ஆசிட் ஊற்றுவாள். அடுத்த எட்டு வருடத்தில் அந்தக் கல்லும் போகும், அப்போது எதைச் சொல்வது?

இன்று காலை அம்மா பையோடு வந்தாள். பிரஷ், சாமந்தி, மெழுகுவத்தி, பாட்டில். மழை விட்டிருந்தது. அவள் மூடியைத் திறக்கும் முன்னால் நான் கல்லின் கீழ் ஓரத்தில் உட்கார்ந்து பிளேடால் மெழுகைச் சுரண்ட ஆரம்பித்தேன். காற்று படாத ஓரம் என்று எட்டு வருடமும் அங்கேதான் வத்தி ஏற்றியிருக்கிறாள். உருகியது வழிந்து ஒரு பட்டையாகப் படிந்திருந்தது.

"டேய், மெயுகுல கைய வெக்காத. அது வேண்டிகினு ஏத்துனது. அத்த யாரும் எடுக்க மாட்டாங்க."

"ஒரு நிமிஷம் இரும்மா."

பட்டை முழுசாகப் பெயர்ந்து வந்தது. அடியில் கல்லின் கடைசி வரி. நேற்று வெட்டியது மாதிரி கூர்மையாக: 'அன்புத் தம்பி ரீகன்'.

அம்மா குனிந்து பார்த்தாள். மேலே உன் பெயரைப் பார்த்தாள். நடுவில், கல் வைத்தவர்கள் வரிசையில் மங்கிக் கிடக்கிற தன் பெயரையும் பார்த்தாள். மறுபடி கீழே.

"உன் பேரு மட்டும் எப்படிரா நல்லா கீது?"

"மெழுகு மேல ஆசிட் ஏறாது."

அவள் அந்த வரியை விரலால் தடவினாள். பாட்டில் கையிலேயே இருந்தது.

"கடல் இல்லம்மா. புகையும் இல்ல. நீதான்."

இப்படித்தான் சொன்னேன். வேறு மாதிரி சொல்லியிருக்கலாமா? தெரியவில்லை. நீயாக இருந்தால் எப்படிச் சொல்லியிருப்பாய்?

"நொர வந்துச்சேடா" என்றாள். "ஊத்துனா பொங்கிகினு வரும். அயுக்கு போவுதுன்னுதானே நெனச்சேன்."

"அது கல்லு போற நுரை."

பெரியவர் கல்லின்மேல் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுவாள் என்று நினைத்து நான்தான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

"போன கல்லு எங்க போச்சி?"

உன் கல்லின் ஓரத்தில் விரலை விட்டு ஒரு பிடி மண் எடுத்தேன். தோட்டம் முழுக்கக் கடற்கரை மணல், கையில் நிற்காது. இங்கே மட்டும் கறுப்பாக, பிடித்தால் பிடித்தபடி நின்றது. பக்கத்திலேயே நித்தியகல்யாணி பூத்திருந்தது, யாரும் நட்டது இல்லை. "கரைஞ்ச கல்லு, நீ போட்ட மாலையெல்லாம் மக்கினது, வேப்பிலை. எல்லாம் சேர்ந்து மண்ணாயிடுச்சு" என்றேன்.

அவள் அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "அப்போ இங்கியேதான் கீறான்."

"கால்சியம் இருக்குது."

"உன் கால்சியத்த நீயே வெச்சிக்கோ."

கரைந்ததில் பெரும்பங்கு மழையோடு இறங்கி எப்போதோ போயிருக்கும், அந்தப் பிடியில் தங்கியது கொஞ்சம்தான் என்பதை நான் சொல்லவில்லை. இவ்வளவு பேசினவன் அதை மட்டும் ஏன் விட்டேன் என்று கேட்காதே.

மண்ணை எடுத்த இடத்திலேயே போட்டுக் கையால் தட்டினாள். "மாத்தூருக்கு இட்டுகினு போயிருந்தா அங்கியும் இத்தத்தான் ஊத்தியிருப்பேன்" என்று பாட்டிலை என்னிடம் கொடுத்தாள். பிறகு கேட்டாள்:

"வெறுந் தண்ணி ஊத்தலாமா?"

"ஊத்தலாம்."

"அதுலயும் கரையுமா?"

"கரையும். ரொம்ப மெதுவா."

"எவ்ளோ மெதுவா?"

"நீயும் போய் நானும் போய் ரொம்ப காலம் ஆவும்."

"அது போதும்" என்று எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

இனி நான் செய்யப் போகிறவை:

1. நாளை காலை தண்ணீர், பழைய பருத்தித் துணி. பிரஷ் கிடையாது.

2. ஆசிட் பாட்டில் என் வீட்டுக் கக்கூஸுக்குப் போகும். அண்ணாச்சியிடம், அம்மா கேட்டால் இல்லை என்று சொல்லச் சொல்லியாகிவிட்டது. அம்மாவுக்கும் அது தெரியும், திட்டினாள்.

3. கிரானைட் வேண்டாம். குமார் அதே கல்லில், அதே இடத்தில், உன் பெயரையும் அம்மா பெயரையும் இன்னும் ஆழமாக வெட்டுவான். கியாரண்டி கேட்க மாட்டேன்.

4. மெழுகுவத்தி இனி மேல் ஓரத்தில், உன் பெயருக்குப் பக்கத்தில். அங்கே காற்று அடிக்கும். தகரத்தில் ஒரு மறைப்பு வெட்டி எடுத்து வருகிறேன்.

5. நீ எங்கேயும் போகவில்லை. அம்மாவை மாத்தூருக்குக் கூப்பிடுவதையும் நிறுத்திக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இங்கே வருகிறேன்.

6. உன் பெயர் தேயும், அதை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் நான் இருக்கிற வரைக்கும் யாராவது வந்து நின்றால் நான்கு எழுத்தையும் படிக்க முடியும். அதற்கு நான் பொறுப்பு.

கல்லில் உள்ளபடியே,
அன்புத் தம்பி ரீகன்