வெள்ளைத் திரி

புவெந்தே லா ரெய்னா,
2 அக்டோபர் 1963

அன்புள்ள அண்ணி,

நலமாக இருக்கிறோம் என்று எழுதச் சொல்லி அண்ணன் பக்கத்தில் நின்று மிரட்டுகிறார். நலமாகத்தான் இருக்கிறோம்.

சந்தியாகோ தேவாலயம் வரை யாத்திரையாக ஒன்றாக நடந்தால் அண்ணன் தம்பிக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி அனுப்பினீர்கள். அவர் முன்னால் போகிறார், நான் பின்னால். ஊரிலும் அப்படித்தான் இருந்தது. வழியெல்லாம் திராட்சைத் தோட்டங்கள். ஒவ்வொன்றிலும் நின்று ஒரு பழத்தைத் தின்றுவிட்டு, முகம் தெரியாத சொந்தக்காரனைத் திட்டுகிறார். ஆலங்கட்டி மழை இந்த வருடம் நம் தோட்டத்தை அழித்த துக்கம். நம் என்று எழுதிவிட்டேன், உங்கள் தோட்டம். அப்பா அவருக்குத் திராட்சையைக் கொடுத்தார், எனக்கு லத்தீனைக் கொடுத்தார்.

நேற்று சத்திரத்தில் ஒருவர் எங்களைப் பற்றிக் கேட்டார். “நான் ஒயின் செய்றவன், இவன் அதுல எழுத்துப்பிழை பார்க்குறவன்” என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

அன்செல்மோ

பெனிதா, இவன் புலம்புறத நம்பாத. காலு கொப்புளிச்சிருக்கு, அதான் கோவம். என் தம்பிதானே, நான் கிண்டல் பண்ணாம யாரு பண்ணுவா? — லியாந்த்ரோ


தோரோ,
5 அக்டோபர்

அன்புள்ள அன்செல்மோ,

அடுத்து நீங்கள் போகும் ஊர்களில் திராட்சைச் சாறு நொதித்துப் பொங்கும் நேரம். ஒயின் நிலவறைகளைக் கண்டால் அவர் இறங்காமல் இருக்க மாட்டார். உங்களைச் சின்ன வயதிலேயே படிக்க அனுப்பிவிட்டார்கள், அதனால் சொல்கிறேன். பொங்கும் சாற்றிலிருந்து வரும் விஷக்காற்று கீழே தேங்கி நிற்கும். கையில் கொண்டுபோகும் மெழுகுவத்தி அணைந்தால் உடனே ஏறிவிட வேண்டும். அதை வாசலில் நிற்பவர்தான் ஏற்றிக் கையில் கொடுக்க வேண்டும். இறங்குகிறவர் கேட்க மாட்டார். கேட்டால் வாசலில் நிற்பவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். உங்கள் அப்பா இருந்தவரை அவர் கொடுத்தார், பிறகு நான்.

உங்கள் பையின் அடியில் புது மெழுகுவத்தி ஒன்று வைத்திருக்கிறேன். இனி அது உங்கள் பொறுப்பு.

பெனிதா


நாஹெரா,
9 அக்டோபர்

அண்ணி,

லொக்ரோன்யோ தபால் நிலையத்தில் உங்கள் கடிதம் கிடைத்தது. பாடம் நன்றாகப் புரிந்தது.

வழியில் பேச்சு தோட்டத்தின் மேல் திரும்பியது. மேட்டுப் பகுதியையாவது என் பெயருக்கு மாற்றலாமே என்றேன். “உனக்கு எதுக்குடா? கொடிக்கு லத்தீன் சொல்லிக் குடுக்கவா?” என்றார். பிறகு என் தோளில் கை போட்டுக்கொண்டே நடந்தார். அந்தக் கையின் கனம் இன்னும் இருக்கிறது.

அடுத்த கிராமத்தில் அவருடைய பழைய சிநேகிதர் நிலவறையைப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார். நாளை போகிறோம்.

அன்செல்மோ

நாளைக்கு இவன்தான் வாசல்ல நிக்கப்போறான், பெனிதா. அப்பா நின்ன எடத்துல. நீ சொன்னா மாதிரியே எல்லாம் சரியாகுது பாரு. — லியாந்த்ரோ


12 அக்டோபர்

அண்ணி,

தந்தி கிடைத்திருக்கும். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. உடலையும், இனி சுமக்க முடியாத என் பையோடு சேர்த்து இரண்டு பைகளையும் சிநேகிதரின் வண்டியில் அனுப்பியிருக்கிறேன். அண்ணன் அவசரப்பட்டார், மெழுகுவத்தியை வாங்கிக்கொள்ளாமலே இறங்கிவிட்டார். கூப்பிட்டேன். பதில் வரவில்லை. மற்றவர்கள் ஓடிவந்தபோது நேரம் கடந்துவிட்டது.

நடை முடிந்ததும் வருகிறேன். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் அல்லவா?

அன்செல்மோ


தோரோ,
16 அக்டோபர்

அன்செல்மோ,

நேற்று அடக்கம் செய்தோம்.

அவருக்கு அவசரமே இருக்கவில்லை என்கிறார் வண்டியில் கூட வந்த சிநேகிதர். முதல் படியில் இறங்கி நின்று, திரும்பிப் பார்க்காமல், கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாராம். “என்னடா தம்பி, உள்ள போகட்டுமா?” என்றாராம். “போங்கண்ணே” என்றீர்களாம். கையை மடக்கிக்கொண்டு இறங்கினாராம். முற்றத்திலிருந்து பார்த்த சிநேகிதர், மெழுகுவத்தியைக் கொடுத்துவிட்டீர்கள் என்றே நினைத்தாராம்.

அவர் மெழுகுவத்தியைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று உங்களுக்கு எழுதியிருந்தேன்.

உங்கள் பை வந்தது. அடியில், நான் வைத்த இடத்திலேயே மெழுகுவத்தி இருக்கிறது. திரி வெள்ளையாக இருக்கிறது.

இந்த வாசலில் இனி நான்தான் நிற்பேன். நீங்கள் வர வேண்டாம்.

பெனிதா