பதில் ஆறிப்போவதற்குள்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் வீட்டுக்காரியைச் சீண்டினேன். "உன் டீயக் குடிச்சா முழிச்சிருக்கிறவனும் தூங்கிடுவான்."

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குக் குரல் இல்லை. அவள் தட்டினால் கம்ப்யூட்டர் பேசும். தட்டச்சு வகுப்பு நடத்தியவள், விரலில் குறையே இல்லை. படபடவென்று தட்டிவிட்டாள். திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது. நான் டம்ளரைக் கழுவி, செருப்பை மாட்டி, வாசலுக்கு வந்த பிறகு உள்ளே குரல்:

"இத்தனை வருஷம் குடிச்சும் நீங்க வாயை மூடித் தூங்கலையே."

நல்ல அடி. ஆனால் ஆள் இல்லாத அறையில் விழுந்தது.

மார்ச் 5, வியாழன்

இன்று சீண்டிவிட்டு, பதில் வரும்வரை அசையாமல் நின்றேன். வந்த பதில் இது:

"எனக்காக நிக்காதீங்க. பிச்சை போடுற மாதிரி இருக்கு. நான் சொல்றதுக்குள்ள சிரிப்பு ஆறிப்போயிடுது."

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டாள். அதன் பிறகு தலையாட்டல் மட்டும்தான். அவ பேசாம நான் யாரோட மல்லுக்கட்டுறது?

மார்ச் 8, ஞாயிறு

மருமகன் ஆபீஸில் ஒதுக்கிய ஒரு கம்ப்யூட்டர் பெட்டி கிடந்தது. "ரொம்பப் பழசு மாமா" என்றார். நான் விடுவேனா? அவளுடைய பெட்டியில் 2.4 என்று போட்டிருக்கும். இதில் 3.6 என்று எழுதியிருக்கிறது. பெரிய நம்பர்தானே வேகம்? நாலாம் வகுப்போடு நின்றாலும் இந்தக் கணக்கு வரும் எனக்கு.

தூக்கி வந்து மாட்டினோம். விமானம் மாதிரி இரைச்சல். பேச்சு முன்னைவிட மெதுவு. அவள் பெட்டியின் தலையைத் தொட்டுப் பார்த்து, சூடு தாங்காமல் கையை உதறினாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை.

மார்ச் 9, திங்கள்

இரண்டையும் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரப் பெண்ணுக்கு 'டாக்டரம்மா' என்று பெயர் வைத்தேன். என் வேலையைக் கேட்டாள். லாரி ஓட்டினேன் என்றேன்.

"முதல் கியர்ல எஞ்சின் கத்துமே ஐயா, வண்டி பறக்குமா?"

"நகரும்."

"அந்த நம்பர் கத்துற கணக்குதான். நொடிக்கு எத்தனை துடிப்புன்னு. ஒரு துடிப்புல எவ்வளவு வேலை முடியுதுங்கிறது வேற. இந்தப் பழசு நிறையத் துடிக்கும், கொஞ்சமா முடிக்கும். சூடேறினா இன்னும் சுணங்கிடும்."

"அப்போ என் வீட்டுக்காரி பெட்டிக்கு என்ன கேடு?"

அதைப் பேசவிட்டுத் திரையைக் காட்டினாள். "பாருங்க, பிராசஸர், அதான் இதோட எஞ்சின், ஓடவே இல்ல. சும்மா நிக்குது. மெமரி பத்தல, அதனால எதுக்கெடுத்தாலும் ஹார்ட் டிஸ்க்ல போய்த் தேடுது. அதுவோ ஆமை."

இது எனக்குத் தெரிந்த சங்கதி. சரக்கு ஏற்ற ஆள் வராமல் எத்தனை கிடங்கு வாசலில் நின்றிருக்கிறேன்! அங்கே எஞ்சினை மாற்றி என்ன பிரயோஜனம்?

மெமரி கூட்டி, டிஸ்க்கையும் மாற்றித் தருகிறாளாம். சீக்கிரம் வேண்டும் என்றேன்.

"அப்படி என்ன ஐயா அவசரம்?"

"என் பொண்டாட்டி என்னைத் திட்டணும்மா."

மார்ச் 10, செவ்வாய்

வீட்டில் எல்லாச் சண்டையிலும் நானே ஜெயிக்கிறேன். நல்லாவே இல்ல.

மார்ச் 12, வியாழன்

அவள் பெட்டி கடையிலிருந்து வந்துவிட்டது. மகள் மாட்டிக் கொடுத்தாள். வீட்டுக்காரி தொடவில்லை. நானும் சீண்டவில்லை. பயம். இதுலயும் பதில் ஆறிப்போனா?

மார்ச் 15, ஞாயிறு

காலையில் மூக்குக் கண்ணாடியைக் காணோம். வீட்டைப் புரட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் கத்தினேன். "மகாராணி, என் கண்ணாடிய எங்க ஒளிச்சு வச்சே? உன் அழகப் பார்க்காம எனக்கு—"

முடிக்க விடவில்லை, கம்ப்யூட்டர் குரல்:

"தலையில இருக்கு. மூளை இருக்க வேண்டிய இடத்துல."

தடவினேன். இருந்தது. மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நான் என்ன சொல்வேன் என்று தெரிந்து, வாயைத் திறக்கும்போதே வீட்டுக்காரி தட்டி முடித்திருக்கிறாள், கள்ளி.

இருட்டப்போகிறது. சூடாக ஒரு பதில் தேடுகிறேன், அகப்படவில்லை. அவள் இந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் தலையைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறுகிறாள்.