டாக்டரிடம் திட்டை அப்படியே சொல்

அம்மா,

சாப்பாடு மேஜையில் மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்.

இன்று காலையில் டாக்டரம்மா உனக்குப் போன் செய்வார். எனக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக் குறைபாடு, இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மருந்துக்கடையில் பில்லை மாற்றிப் போட்டு அந்த வேலையும் போன பிறகு நானேதான் போய்க் கேட்டேன். ஊசி, ஸ்கேன் எதுவும் இல்லை, கேள்விகள்தான். சின்ன வயதிலேயே இப்படியா என்று வளர்த்தவர்களிடமும் கேட்பார்கள்.

நேற்று, "அவ நல்லாத்தான் இருந்தா, ஒரு குறையும் இல்லைன்னு சொல்லிடறேன்" என்றாய். வேண்டாம். "சோம்பேறி, எந்த வேலையையாவது உருப்படியா முடிச்சிருக்கியா? கழுத்தோட ஒட்டியிருக்கு, இல்லேன்னா தலையையும் எங்கயாவது வெச்சுட்டு வந்துருப்ப" என்று அக்கம்பக்கம் கேட்கத் திட்டுவாயே, அதை ஒன்று விடாமல் சொல். இத்தனை வருடத்தில் அந்தத் திட்டு எனக்கு உதவப்போவது இன்றைக்குத்தான்.

குடும்ப மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஆரம்பிக்காதே. என் மானம் அப்போதே போய்விட்டது.

பி.கு.: பாலை அடுப்பில் வைத்து மறந்துவிட்டேன், பொங்கி வழிந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டேன். துடைக்க ஆரம்பித்து, பாதியில் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் வந்ததும் திட்டு. அதற்கு முன்னால் டாக்டரம்மாவிடம் இதையும் சொல்லிவிடு.