பிள்ளை இல்லை என்று சொன்ன வீடு

11.02.1997, செவ்வாய்

சுகாதாரப் பகுதியிலிருந்து ஸமீமா என்று ஒரு தாதி மிஸ்ஸி காலையில் வந்தார். எங்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்குத் தொண்டை நோவு பரவுகிறதாம். "இந்த ஃபிளட்ஸ்ல ஈக்கிற எல்லாப் புள்ளைகளயும் பாக்கிறோம்" என்றார். கையில் பெரிய பதிவுப் புத்தகம். உள்ளறையில் சுகிர்தா காய்ச்சலோடு, எச்சில் விழுங்க முடியாமல் கிடந்தாள். என் தங்கச்சியின் மகள், ஒன்பது வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு மாதம். வீட்டில் இருப்பவர்கள் என்று பொலிஸுக்குக் கொடுத்த படிவத்தில் நானும் மனைவி நேசமலரும் மட்டும்தான். இவளைப் பதியப் போனால் இவளுடைய தமையன் எங்கே, இயக்கத்திலா என்று கேட்பார்கள். அவன் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருஷம். என்ன சொல்ல? எந்தப் புத்தகமானாலும் பெயர் ஏறினால் ஏறினதுதான்.

"அவ மருந்து தர வந்தவ. பிடிச்சுக்கொண்டு போகவோ வந்தவ?" என்றாள் நேசமலர்.

உனக்குக் கொழும்பு தெரியாது என்றேன்.

14.02

உப்புத் தண்ணீர், மல்லித் தண்ணீர். தொண்டை சுகம். நான் செய்தது சரி.

04.03

வலது முழங்கால் வீங்கிச் சுடுகிறது. முந்தநாள் கணுக்காலாம். "மாறி மாறி நோகுது மாமா." வளர்கிற பிள்ளைக்கு அப்படித்தான் என்று தைலம் வாங்கிக் கொடுத்தேன். புறக்கோட்டையில் என் கடைக்குப் படங்கு, தார்ப்பாய் ஏற்றிவந்த லொறி காத்துக்கொண்டு நின்றது. எனக்கு அதுதான் அவசரம்.

09.03, ஞாயிறு

பாதிப்படியில் குந்திவிட்டாள். "ஏலாது மாமா." மூச்சு இரைத்தது. தூக்கிக்கொண்டு தனியார் டொக்டரிடம் ஓடினேன். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு, "எப்ப தொண்டை நோவு வந்தது?" என்றார். நான் காலைக் காட்டினேன், அவர் தொண்டையைக் கேட்கிறார்!

வாதக் காய்ச்சல். இருதய வால்வைப் பிடித்துவிட்டதாம். தொண்டை நொந்தபோதே பென்சிலின் கொடுத்திருந்தால் பெரும்பாலும் வந்திராதாம்.

பென்சிலின் என் வாசலில் வந்து நின்றது. நான்தான் கெட்டிக்காரன்.

10.03

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. தங்கச்சிக்குக் கடிதம் எழுதக் குந்தினேன். என்னவென்று எழுத? எழுதவில்லை.

04.04, வெள்ளி

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை இளைத்துப்போனாள். வால்வு பழையபடி வராது. இன்னொரு முறை காய்ச்சல் வந்தால் இன்னும் கெடும். வராமல் காக்க கிளினிக்கில் ஊசி.

முதலில் பொலிஸுக்குப் போய் அவளைப் பதிந்தேன். சார்ஜன் தமையனைக் கேட்டான். தெரியாது என்றேன். எழுதிக்கொண்டான். மூன்று நிமிஷம். இதற்கா?

கிளினிக்கில் ஸமீமா மிஸ்ஸி என்னை அடையாளம் கண்டார். "புள்ளயே இல்லண்டீங்க?"

"பிழைதான் மிஸ்ஸி. ஆரையாவது வீட்டுக்கு அனுப்பி ஊசி போடுவிக்க ஏலாதோ? என்ன செலவெண்டாலும் தாறன்."

"இதென்ன கடைச் சாமானா, வீட்டுக்கு ஏத்தி அனுப்ப? லைன்ல வந்து நில்லுங்க."

சுகிர்தா சிரித்துவிட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு.

ஒப்புக்கொண்டது: மூன்று கிழமைக்கு ஒரு ஊசி, ஒன்றும் தவறக்கூடாது. இருபத்தொரு வயது வரை. டொக்டர் சொன்னால் அதற்கு மேலும். கூட்டிவர வேண்டியது நான். ஊசிக்குக் காசு வாங்குவதில்லை.