நீங்கள் வேகபாண்டு இல்லை, அப்பா

கோபத்திலும் வேறு விதமாகக் கூப்பிட எனக்கு வராத என் அப்பாவுக்கு,

போன வாரம் எட்டாம் வகுப்புப் பாடத்தில் 'வேகபாண்டு' என்ற ஆங்கிலச் சொல் வந்தது. வீடு வாசல் இல்லாமல் ஊர் ஊராக அலைகிறவர் என்று பொருள் சொன்னேன். "உதாரணம் சொல்லுங்க மிஸ்" என்றாள் ஒருத்தி. எப்போதும் உங்களைத்தான் சொல்வேன். இந்த முறை வாய் வரவில்லை.

அந்தச் சொல்லை நம் வீட்டுக்குள் கொண்டுவந்ததே நீங்கள்தானே? போர்வெல் போடும் ரிக்கு வண்டியோடு கர்நாடகம் போய், மழையில் வேலை நின்றால்தான் திருச்செங்கோடு திரும்புவீர்கள். அங்கே யாரோ ஒரு என்ஜினியர் உங்களை அப்படிக் கூப்பிட்டாராம். "ரிக்கு வண்டிக்கு அடியில படுக்கறவனுக்கு ஊடு ஏது சாமி? நான் வேகபாண்டு" என்பீர்கள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிடும். தரை குளிருமே என்று ஒவ்வொரு தடவையும் புது ஜமக்காளம் கட்டிக் கொடுப்பாள்.

நீங்கள் இறந்துபோன பிறகு உங்கள் பெட்டியை வாங்கிவர ராய்ச்சூர் போனேன். உங்களோடு வேலை பார்த்தவர் ஒரு வீட்டைக் காட்டிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே நெற்றியில் பொட்டில்லாத ஒரு அம்மாள். மாலை போட்ட உங்கள் படம். கட்டிலில் அம்மாவின் ஜமக்காளங்கள், ஒரு பொட்டு கிரீஸ் கறை இல்லாமல். அப்புறம், உங்கள் மூக்கோடு ஒரு காலேஜ் பெண்.

"நீங்க அப்பாக்கு சொந்தமா?" என்று உடைந்த தமிழில் கேட்டாள். "தமிழ்நாட்டுல யாரும் இல்ல, நான் வேகபாண்டுன்னு அப்பா எப்பவும் சொல்லும். பாவம்."

யாரும் இல்லையா அப்பா? அப்படியானால் அம்மா யார்? நான் யார்? இரண்டு வீட்டிலும் சோறு தின்றுவிட்டு, இரண்டு வீட்டிலும் அநாதை வேஷம் போட எப்படி மனசு வந்தது? இது துரோகம். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

நான் யாரென்று சொன்னதும் அந்தப் பெண் கதறி அழுதாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இப்போது அடிக்கடி போனில் பேசுகிறாள்.

அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. "ஊடு வாசல் இல்லாம அலஞ்சே போய்ச் சேந்துட்டீங்களே" என்று உங்கள் படத்தின் முன் நின்று அழுகிறாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

வருடத் திதிக்கு அந்தப் பெண்ணையும் அவள் அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் அம்மாவிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அவள் உங்கள் படத்தைத் தூக்கி எறிந்தாலும் தடுக்கப் போவதில்லை. உங்களுக்கு ஒரே ஒரு வாக்கு மட்டும் தருகிறேன்: வீடில்லாத மனிதர் என்று உங்களுக்காக இனி எந்த வீட்டிலும் யாரும் அழ மாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்