ஸ்டெல்லாம்மாவின் மீன்

அன்பு முரளி, என் செல்லத் தம்பி,

மயிலாப்பூரில் மழை. நம் பிரவுசிங் சென்டரின் மாடி ஜன்னலில் தெப்பக்குளம் கரைந்துபோனது போலத் தெரிகிறது. மோடம் பழையபடி முனகி, கீச்சிட்டு, லைன் கிடைத்ததும் அமைதியாகிறது. அந்த அமைதியில் நீ என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பதாகவே தோன்றுகிறது. நிற்கிறாயா?

நீ சொன்னபடிதான் செய்கிறேன். படங்கள் வராமல் நிறுத்திவிட்டால் பக்கம் சீக்கிரம் திறக்கிறது. முந்தைய பக்கத்துக்குப் போக ஆல்ட்டும் இடது அம்பும். "சும்மா மௌஸைத் துரத்தாதேக்கா" என்பாயே, இப்போது துரத்துவதில்லை.

ஆனால் ஒரு துக்கம். போன வாரம் வைரஸ் வந்து, ரிப்பேர்காரர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டார். வாடிக்கையாளர்களுக்காக நீ திரையில் வைத்திருந்த படங்கள் போயே போய்விட்டன. பாட்டு டீச்சருக்கு வீணை, சாந்தோம் ஸ்டெல்லாம்மாவுக்கு மீன். தட்டினால் நேரே அவரவர் மெயில் பக்கம், பாஸ்வேர்டு மட்டும் போட்டால் போதும். நீதான் செத்துப்போனாய், உன் கைபட்டதும் எதுவும் மிச்சமில்லையே என்று அழுதேன்.

நேற்று ஸ்டெல்லாம்மா மீன் கூடையைப் படிக்குக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். மகன் கப்பலில் வேலை செய்கிறான் அல்லவா? கடலில் புயல் என்று ரேடியோவில் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னா கண்ணு, என் மீனக் காணோம்?"

விஷயத்தைச் சொன்னேன். மெயில் முகவரி எழுதிய சீட்டு அவர் சுருக்குப்பையில் இருந்தது. பாஸ்வேர்டு?

"அதெல்லாம் எனுக்கு இன்னா தெரியும்? எழுத்தே தெரியாது. தம்பி வெரல வெக்கச் சொல்லும், வெப்பேன்."

"எப்படி வைப்பீங்க? வெச்சுக் காட்டுங்க."

இடது கைச் சுண்டு விரலை ஏ மேல் வைத்தார். அடுத்த விரல் எஸ். பிறகு டி, எஃப்.

முரளி! அது என் டைப்ரைட்டிங் வகுப்பின் முதல் பாடம். சாப்பாட்டு மேஜையில் நான் தட்டிப் பழகும்போது நீ ராகம் போட்டுப் பாடிக் கேலி செய்வாயே, அதே பாடம். இத்தனை வருஷம் நினைவில் வைத்திருந்தாயா? என்னிடம் ஏன் சொல்லவில்லை, படவா?

மெயில் திறந்தது. மகன் போட்டோ அனுப்பியிருந்தான். படங்களை வரவிட்டேன். மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. கொஞ்சம் வானம், தலைமுடி, நெற்றி.

"மூக்கு வந்துச்சு... ஐயோ, சிரிச்சிக்கினு கீறான் பாரு!"

ஸ்டெல்லாம்மா அழுதார். நானும்தான். நான் உனக்காக அழுதேன்.

மீனைத் திரும்ப வரைந்து வைத்துவிட்டேன். வால் கொஞ்சம் கோணல், சிரிக்காதே. பக்கத்தில் உனக்கும் ஒரு படம் வைத்திருக்கிறேன். அதைத் தட்டினால் எந்தப் பக்கமும் திறக்காது. ஆனாலும் தினமும் கடை திறந்ததும் முதலில் அதைத்தான் தட்டுவேன்.

மேஜையில் தாளம் போட்ட
உன் அக்கா,
வசந்தி